இஞ்ச 22, அங்க 35: ஊர் மாறும்முன் போடும் கணக்கில் வரும் தவறுகள்

பக்கத்து வீட்டுத் தம்பி போன மாதம் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் கைக்கு 22,000 வாங்குகிறான். சென்னையில் வருஷத்துக்கு 4.2 லட்சம் என்று ஆஃபர் வந்திருக்கிறது. "அண்ணா, இஞ்ச 22, அங்க 35. மாசம் பதிமூணு மிச்சந்தானே?"

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. இங்கே சொன்னது கைக்கு வருவது, அங்கே சொன்னது சிடிசி, அதாவது ஒரு ஆளுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் பார்த்தோம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 17,500. அதில் 12 சதவீதம், அதாவது 2,100 ரூபாய், அவன் பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). கம்பெனி போடும் 2,100-ஐயும் சிடிசிக்குள்ளேயே அடக்கியிருந்தார்கள். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 842. தொழில்வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்கு 208. எல்லாம் போக 29,750. பதிமூணு என்றது ஏழே முக்காலாகிவிட்டது. பிஎஃப் அவன் பணம்தான், எங்கேயும் போய்விடாது. ஆனால் வீட்டுக்காரருக்கு அதைக் காட்டி வாடகை சொல்ல முடியாதே. வேரியபிள் என்று, வேலையைப் பார்த்துக் கூடவோ குறையவோ தரும் ஒரு தொகை இருந்தால் அதை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் தீபாவளிக்கு ஆகும்.

அடுத்து, வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறவன் செலவு என்றே எழுதாத செலவுகள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். கிணற்றுத் தண்ணீர், பின்னால் நிற்கும் நாலு தென்னை, வாழைத்தோப்பில் இருந்து வரும் மட்டிக் குலை, காலையில் வாசலுக்கே வரும் சாளை மீன், அதோடு தின்ன மரச்சீனிக் கிழங்கு. இதற்கெல்லாம் யாரும் பில் போடுவதில்லை. சென்னைக்குப் போனால் தேங்காய் ஒவ்வொன்றுக்கும் காசு, குடிக்க கேன் தண்ணீர், சாளைக்கு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டைத் தேடிப் போக வேண்டும்.

தம்பியிடம் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்றேன். ஐயாயிரம். பெட்ரோலுக்கு இரண்டாயிரம். ஆக அவன் கையில் நிற்பது 15,000. அப்புறம் சென்னையில் இருக்கும் அவன் கூட்டாளிக்குப் போன் போட்டோம். ரூம் பங்கு 6,500, சாப்பாடு 7,000, போக்குவரத்து 1,500, தண்ணீரும் கரண்டும் 700. மொத்தம் 15,700. வீட்டுக்கு அந்த ஐயாயிரத்தையும் அனுப்பிவிட்டால் மிச்சம் 9,050. சம்பளம் கூடி, மிச்சம் குறைகிறது. தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஊர்களை ஒப்பிடும் இணையதளங்களில் பார்த்தால் போதுமே என்பார்கள். அதில் பலவற்றில் விலையைப் போடுகிறவர்கள் நம்மைப் போன்ற ஆட்கள்தான். சென்னைக்கு நிறையப் பேர் போடுவார்கள், நாகர்கோவிலுக்கு நாலு பேர் போட்டால் பெரிசு. அதோடு சென்னை என்பது ஒரே விலையும் இல்லை. அண்ணா நகர் வாடகையும் தாம்பரம் வாடகையும் வேறு. ஆபீஸ் எந்த ஏரியா என்று கேட்டு, அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் வாடகை எவ்வளவு என்று அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

அட்வான்ஸ் விஷயம் தனி. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. கேட்பவர்கள் அதற்கு மேலும் கேட்பார்கள், பெங்களூரில் பத்து மாதம் கேட்பதும் உண்டு. திரும்பி வரும் பணம்தானே என்று செலவில் சேர்க்காமல் விடுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்திருந்தால் மாதா மாதம் வட்டி போகிறது, அதைச் சேர்க்க வேண்டாமா? அதே மூச்சில் கரண்டுக்கு வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் கணக்கா, மின்வாரியத்தின் ஈபி பில்லா என்றும் கேட்டுவிடுங்கள். தனி மீட்டர் இல்லாத வீட்டில் உரிமையாளர் சொல்வதுதான் ரேட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உங்கள் கைக்கு வராமலே போகலாம்.

ஊருக்கு வந்து போகும் செலவை யாருமே எழுதுவதில்லை. ரயிலில் 700 கிலோமீட்டருக்கு மேல். தீபாவளி, கிறிஸ்துமஸ், கோட்டாறு சவேரியார் திருவிழா, குடும்பக் கோயில் கொடை, நடுவில் இரண்டு கல்யாணம். வருஷத்துக்கு ஆறு தடவை என்று வையுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. அன்றைக்குக் காலையில் தவறவிட்டால் தட்கல், அதுவும் போனால் ஆம்னி பஸ் கேட்கிற காசு.

திருவனந்தபுரம் என்றால் வேறு மாதிரி ஏமாறுகிறோம். மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்கள் சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருகிறார்கள், வாடகையே கிடையாது. ஆனால் ஐடி கம்பெனிகள் இருக்கும் டெக்னோபார்க் இருப்பது நகரம் தாண்டி கழக்கூட்டத்தில். போக வர எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். என் கணக்கில் அதுவும் செலவுதான். இங்கே டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் போகும் பெண்கள், எல்லை தாண்டினால் அந்தச் சலுகை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: மனைவிக்கு இங்கே வேலை இருந்தால், அந்தச் சம்பளம் நிற்கும் மாதங்களையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அங்கே இருக்க மாட்டார் என்பதையும் எழுதுங்கள்.

இதையெல்லாம் பார்த்துப் போகாதே என்று நான் தம்பியிடம் சொல்லவில்லை. இரண்டு வருஷம் சென்னையில் இருந்தால் அடுத்த வேலைக்கு நல்ல பேரம் பேசலாம், அதற்கு இந்த நஷ்டத்தைக் கட்டணமாக வைத்துக்கொள்ளலாம். அது எவ்வளவு என்று தெரிந்து போகட்டும் என்றுதான் சொன்னேன். அவன் 5.25 லட்சம் கேட்டு மெயில் போட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.