துருவக் கடலடி மண்ணிலிருந்து பழங்காலத் தட்பவெப்பத்தைக் கண்டறிவது எப்படி

அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலடியிலோ ஆர்க்டிக் பெருங்கடலிலோ எடுக்கப்பட்ட படிவு உருளை ஒன்றை, அதாவது குழாயை இறக்கி அடுக்குக் குலையாமல் எடுத்த மண் தூணை, முதன்முறையாக ஆராயப்போகும் நிலவியல் மாணவர்களுக்காக இது எழுதப்படுகிறது. இந்த வேலையைத் தொடங்கக் கப்பலேற வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ஜெர்மனியில் பிரேமன் நகரிலும் உள்ள சேமிப்பகங்களில், பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த உருளைகள் குளிரறைகளில் பாதுகாக்கப்படுகின்றன. முறைப்படி விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களுக்கு அவற்றிலிருந்து மாதிரிகள் வழங்கப்படுகின்றன. ஏற்கெனவே அளந்து வெளியிடப்பட்ட தரவுகள் பங்கேயா தரவுத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மண்ணைத் தொடுவதற்கு முன்பு அது எடுக்கப்பட்ட இடத்தின் கடலடி வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பல கற்றைகளாக ஒலியலைகளை அனுப்பி வரையப்படும் இத்தகைய படங்களில், பல கிலோமீட்டர் நீளத்திற்கு ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் வரிகள் தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் பனிவிரிப்பு கடலடியில் படிந்து வேகமாக நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆப்பு வடிவ மேடுகள் பின்வாங்கிய பனியின் விளிம்பு சிறிது காலம் தங்கி நின்ற இடங்களைக் காட்டுகின்றன. குறுக்கும் நெடுக்குமாகத் தாறுமாறாக ஓடும் தடங்கள், மிதந்து வந்த பனிப்பாறைகளின் அடிப்பாகம் தரையை உழுததால் ஏற்பட்டவை. அப்படி உழப்பட்ட இடத்தில் அடுக்குகள் கலைந்திருக்கும் என்பதால், அங்கிருந்து வந்த உருளையைக் கால வரிசை தேடும் வேலைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். பனிப்பாறைகளின் அடி எட்டாத ஆழமான பள்ளங்களே அதற்கு ஏற்றவை. அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்கே, 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ள பால்மர் டீப் பள்ளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1998இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் அங்கே துளையிட்டு எடுத்த மெல்லடுக்குச் சேறு, ஹோலோசீன் காலத்தை (கடைசிப் பனியுகம் முடிந்த பிறகான சுமார் 11,700 ஆண்டுகளை) மிக நுணுக்கமாகக் காட்டுகிறது.

நீளவாக்கில் பிளந்ததும் உருளையின் ஒரு பாதியை ஆவணமாகத் தனியே வைத்துவிட்டு, மற்றப் பாதியில் மட்டும் வேலை செய்வது மரபு. காற்றுப் பட்டதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்கிவிடும். ஆகவே படம் எடுப்பதையும் நிறத்தைக் குறிப்பதையும் உடனே முடித்துவிட வேண்டும். கண்டத்திட்டிலிருந்து வந்த உருளை என்றால், அடியில் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், விரல் எளிதில் இறங்காத இறுகிய மண் இருக்கும். களிமண், மணல், கூழாங்கல் எல்லாம் தரம் பிரியாமல் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும். பனி தன் அடியில் அரைத்து இழுத்து வந்த மண் அது. அதன் மேல் சரளையும் சேறும் மாறிமாறி வரும் மெல்லிய பகுதியும், அதற்கு மேல் உயிரிப்பொருள் குறைந்த நுண்சேறும் அமையும். இந்த நுண்சேறு, நிலப்பனியின் மிதக்கும் நீட்சியான பனித்தட்டுக்கு அடியில் படிந்ததாக இருக்கலாம். உச்சியில் ஆலிவ் பச்சை நிறத்தில், கையில் எடுத்தால் எடையே தெரியாத டயட்டம் சேறு (சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச்செல் பாசிகளான டயட்டம்களின் ஓடுகள் நிறைந்த சேறு) வந்துவிட்டால், அங்கே கடல் திறந்துவிட்டது என்று பொருள்.

இந்த வரிசையைக் கண்டதும் முடிவு எழுதிவிடும் அவசரம் எல்லோருக்கும் வரும். ஆனால் பனிப்பாறை உழுது கலக்கிய மண்ணும் பார்வைக்குப் பனியடி மண்ணைப் போலவே இருக்கும். வேகமாக ஓடிய பனியின் கீழ் நீரில் ஊறிக் கிடந்த மண் இறுகாமல் மென்மையாகவும் இருக்கலாம். மண் எவ்வளவு இறுகியது என்பதைக் காட்டும் வெட்டு வலிமையை அளந்து, எக்ஸ்-கதிர்ப் படத்தில் கற்கள் கிடக்கும் போக்கைப் பார்த்து, மீண்டும் கடலடி வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே பெயர் சூட்டுங்கள். மண்ணில் காந்தக் கனிமங்கள் எவ்வளவு உள்ளன என்பதைக் காட்டும் காந்த ஏற்புத்திறனை அளப்பது எளிது, மாதிரியும் கெடாது. டயட்டம் மிகும் அடுக்கில் இந்த எண் இறங்கும். ஆனால் நிலத்திலிருந்து வரும் மண் குறைந்தாலும், புதைந்த பிறகு காந்தக் கனிமங்கள் கரைந்தாலும் அதே இறக்கம்தான் தெரியும் என்பதால், அந்த வரைகோட்டை மட்டும் நம்பிக் கதை கட்டக்கூடாது.

அடுத்து, நுண்சேற்றின் நடுவே கிடக்கும் பெருமணலையும் கற்களையும் எண்ண வேண்டும். கரையிலிருந்து வெகுதொலைவில், ஆழ்கடலின் நுண்சேற்றில் ஒரு கூழாங்கல் கிடந்தால், அதைச் சுமந்து வந்து உருகி நழுவவிட்டது பனிப்பாறையாகவே பெரும்பாலும் இருக்கும். வட அட்லாண்டிக்கில் இத்தகைய துகள்கள் செறிந்த அடுக்குகளை ஹார்ட்முட் ஹைன்ரிஷ் 1988இல் விவரித்தார். அவர் பெயராலேயே அந்த நிகழ்வுகள் இன்று அழைக்கப்படுகின்றன. வழக்கமாக 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சலித்து எண்ணுவார்கள். அல்லது 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றை எக்ஸ்-கதிர்ப் படத்திலேயே எண்ணுவார்கள். இவ்வளவும் எளிதுதான், சிக்கல் எண்ணிக்கை பூஜ்யமாகும்போது தொடங்குகிறது. கல் இல்லாத அடுக்கு, பனிப்பாறைகளே வராத வெப்பக் காலத்தைக் காட்டலாம். பனிப்பாறைகள் உள்ளே வர முடியாதபடி பனித்தட்டு மூடிக் கிடந்த கடுங்குளிர்க் காலத்தையும் காட்டலாம். நேர் எதிரான இரண்டு காலநிலைகள் மண்ணில் ஒரே வெறுமையாகப் பதிகின்றன. கற்கள் மிகுந்திருப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அடிநீரோட்டம் நுண்சேற்றை அரித்துச் சென்றுவிட்டால், கூடுதலாக ஒரு கல்லும் வராமலே கற்களின் செறிவு உயரும்.

ஆர்க்டிக்கிலும் இதே கண்ணி வேறு உருவில் காத்திருக்கிறது. கடல்நீர் உறைந்து உண்டாகும் கடற்பனியின் அடியில் வாழும் சில டயட்டம்கள் உருவாக்கும் ஐபி25 என்ற கொழுப்புப் பொருள், 2007இல் கடற்பனியின் அடையாளமாக முன்வைக்கப்பட்டது. படிவில் அது இருந்தால் பருவந்தோறும் கடற்பனி இருந்தது எனலாம். அது இல்லாவிட்டால், கடல் திறந்தே கிடந்திருக்கலாம். அல்லது ஒளி ஊடுருவ முடியாத தடித்த பனி ஆண்டு முழுவதும் மூடியிருக்கலாம். இரண்டில் எது என்பதைத் திறந்த நீரில் வாழும் மிதவைப் பாசிகளின் எச்சப்பொருளையும் சேர்த்து அளந்தால்தான் பிரிக்க முடியும்.

அண்டார்க்டிகாவில் இந்தப் பணியை டயட்டம் ஓடுகளே பெருமளவு செய்கின்றன. பல்குச்சி முனையளவு மண்ணைக் கண்ணாடிச் சில்லில் நீரோடு தேய்த்து உலர்த்தி நுண்ணோக்கியில் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். ஃப்ராகிலாரியாப்சிஸ் கர்ட்டா, ஃப்ராகிலாரியாப்சிஸ் சிலிண்ட்ரஸ் ஆகியவை கடற்பனியோடு சேர்ந்து வாழ்பவை. ஃப்ராகிலாரியாப்சிஸ் கெர்கெலென்சிஸ் திறந்த கடலுக்குரியது. கீட்டோசெராஸ் இனத்தின் ஓய்வு வித்துகள் குவிந்திருந்தால், அங்கே உயிர் உற்பத்தி மிகுந்திருந்தது எனக் கொள்வர். கெர்கெலென்சிஸின் ஓடு தடித்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மெல்லிய ஓடுகள் கரைந்துபோன அடுக்கில் அது மட்டும் எஞ்சி நின்று, இல்லாத திறந்த கடலைக் காட்டிவிடும்.

இத்தனையும் செய்தாலும், வயதில் தவறினால் எல்லாம் வீண். துருவ ஆய்வில் பிழை அதிகம் நுழையும் வாசல் இதுதான் என்பது என் கணிப்பு. கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அது உதவாது. தென்முனைக் கடலில் ஆழத்திலிருந்து மேலெழும் நீர் பழைய கார்பனைக் கொண்டுவருவதால், அங்கே அண்மையில் வாழ்ந்த உயிரியின் ஓடுகூட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வயதைக் காட்டும். ஒற்றைச்செல் கடலுயிரிகளான ஃபோராமினிஃபெராக்களின் சுண்ண ஓடுகள் கிடைத்தால் அவற்றையே வயது காணப் பயன்படுத்துங்கள். ஆனால் அண்டார்க்டிகக் கண்டத்திட்டில் சுண்ண ஓடுகள் கரைந்துவிடுவது வழக்கம் என்பதால், பலர் மண்ணிலுள்ள கரிமப்பொருள் முழுவதையும் சேர்த்து வயது காண்கிறார்கள். பனி அரைத்துக் கொணர்ந்த பழம்பாறைகளின் கார்பனும் அதில் கலந்திருப்பதால், இன்றைய மேற்பரப்புச் சேறே சில ஆயிரம் ஆண்டுகள் பழையதாகத் தோன்றும். மேற்பரப்பின் வயதை எல்லா அடுக்குகளிலிருந்தும் கழித்துவிடும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழே, பனிக்கு அருகில் படிந்த அடுக்குகளில் பழைய கார்பனின் பங்கு மிகுதி என்பதால், அந்தக் கழித்தல் அங்கே போதாது.

மேற்பரப்பைக்கூட எளிதாக நம்பிவிட முடியாது. நீண்ட உருளைகளை எடுக்கப் பயன்படும், எடை கட்டி இறக்கும் குழாய் கடலடியில் பாயும் வேகத்தில் உச்சிச் சேறு சிதறிவிடும். ஆகவே அதே இடத்தில் மெதுவாக இறக்கி எடுத்த குறு உருளையைக் கேட்டுப் பெற்று, அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகளே கொண்ட ஈயம்-210ஐ அளந்து, உச்சி உண்மையிலேயே இக்காலத்தது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நீண்ட உருளைகளுக்கு எரிமலைச் சாம்பல் அடுக்குகளும் புவிக்காந்தத் திசை மாற்றங்களும் துணை நிற்கும்; கடைசித் திசை மாற்றம் சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது.

பல சான்றுகளைச் சேர்த்துப் பார்ப்பதன் பயனுக்கு அண்டார்க்டிக் தீபகற்பத்தின் கிழக்கே இருந்த லார்சன்-பி பனித்தட்டு சாட்சி. 2002இல் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு சில வாரங்களில் உடைந்து போனது. அப்பகுதியின் படிவு உருளைகளில் டயட்டம், ஐசோடோப்பு, படிவின் தன்மை ஆகியவற்றைச் சேர்த்து ஆராய்ந்தபோது, அந்தத் தட்டு ஹோலோசீன் முழுவதும் உடையாமல் நின்றிருந்தது தெரியவந்தது. மேலே சொன்ன இரட்டைப் பொருள் கொண்ட வெறுமையை இப்படித்தான் அவிழ்க்க வேண்டும்.

முடிவுகளை வெளியிடும்போது, திருத்தாத கார்பன் வயது, நீங்கள் கழித்த எண், அளந்த பொருள், ஆழம் ஆகிய நான்கையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். கார்பன் வயதை நாட்காட்டி ஆண்டுகளாக மாற்ற உதவும் திருத்த வளைகோடுகள் மாறிக்கொண்டே இருப்பவை. 2020இல் வெளிவந்த, கடல் மாதிரிகளுக்கான மரைன்20 வளைகோடு துருவப் பகுதிகளுக்குப் பொருந்தாது என அதை உருவாக்கியவர்களே கூறியுள்ளனர். மூல எண் இருந்தால், அடுத்த வளைகோடு வரும்போது உங்கள் உருளையின் வயதை எவரும் மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.