இமயமலைக்குத் தனியாகப் போகும் குமரி மாவட்டத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட், லடாக்கின் லே நகரத்து விடுதியில் பையைத் திறந்தபோது பலூன் மாதிரி உப்பி இருந்தது. மறுநாள் கர்துங் லா கணவாய்க்கு ஏறும் வழியில் ஜீப்புக்குள் அது பட்டென்று வெடித்தது. சிதறியதைப் பொறுக்கலாம் என்று குனிந்தேன்; நிமிர முடியவில்லை. தலைக்குள் உலக்கை போட்டு இடிப்பதுபோல வலி. கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். டிரைவர் இறங்கி வந்து, நேராக நாலு எட்டு நடந்து காட்டச் சொன்னார். ஒரு கால் கிழக்கே போனது, இன்னொன்று மேற்கே போனது. அவர் ஒன்றும் பேசாமல் என்னை உள்ளே உட்கார வைத்து, வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினார். "இன்னும் அரை மணி நேரம்தானே, மேலே போய்விட்டு வருவோம்" என்று நான் கெஞ்சியதை அவர் காதில் வாங்கவே இல்லை. அன்று இரவு லேயில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருந்தேன்.

அந்த சிப்ஸ் பாக்கெட்டைத்தான் இப்போதும் எல்லாரிடமும் சொல்கிறேன். அதற்குள் இருந்தது கடல்மட்டத்துக் காற்று. மேலே போகப் போக வெளியே காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் பாக்கெட் உப்புகிறது. லே 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,359 மீட்டரில் இருக்கும் கர்துங் லாவில் ஏறக்குறைய பாதி. நாம் இழுக்கும் மூச்சு அதே மூச்சுதான், ஆனால் அதில் வரும் ஆக்சிஜன் பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் எடுக்கும். நான் கொடுத்தது ஒரே ஒரு ராத்திரி. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, மறுநாள் காலையில் லேயில் இறங்கியவன் நான். அங்கே முதல் இரண்டு நாளாவது அறையிலேயே சும்மா கிடந்திருக்க வேண்டும்.

நம்ம பகுதியிலிருந்து போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இந்த அவசரம்தான். அதற்குக் காரணமும் புரிகிறது. நாட்டின் தென்கோடியில் இருக்கிறோம். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பக்கத்துக் கட்ரா போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள். திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி போனாலும், அங்கிருந்து இரவு பஸ்ஸில் டேராடூன், மறுநாள் முழுக்க மலைப்பாதையில் குலுங்கினால்தான் உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்கு ஏறத் தொடங்கும் சங்க்ரி கிராமம். பத்து நாள் லீவில் பாதிக்கு மேல் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்விடும். மிச்ச நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மனசு பறக்கும். கணக்கை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் உடம்பு பழகுவதற்கான நாள், அடுத்து மழையோ மண்சரிவோ வழியை மறித்தால் கையில் இருக்க இரண்டு நாள், இந்த இரண்டும் போக மிஞ்சுவதுதான் மலை ஏறும் நாள். அது மூன்று நாளாகத்தான் இருக்கிறதென்றால் மூன்று நாளில் முடியும் மலையைத் தேர்ந்தெடுங்கள்.

மூவாயிரம் மீட்டருக்கு மேலே, ஓர் இரவு படுத்த உயரத்திலிருந்து அடுத்த இரவு படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் உயரம் போய்விட்டு இறங்கி வந்து படுக்கலாம், அது நல்லதும்கூட.

"நான் தினமும் மருந்துவாழ் மலை ஏறுகிறவன், எனக்கு என்ன ஆகும்" என்று கேட்கும் தம்பிகள் நிறைய. அனுமன் தூக்கிவந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுதான் மருந்துவாழ் மலை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இமயமலையோடு ஓர் உறவு இருப்பதாகவே மனசில் பதிந்துவிட்டது. அங்கே ஏறிப் பழகுவது நல்ல பயிற்சி, சந்தேகமே இல்லை. பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, போகப்போகிற ஷூவையே போட்டுக்கொண்டு ஒரு மாதம் ஏறி இறங்குங்கள். காலும் மூச்சும் தேறும். ஆனால் தொடையில் இருக்கும் பலத்துக்கும் உயரத்தால் வரும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை. பலசாலிக்கு ஆபத்து கூடுதல் என்றே சொல்வேன், வேகமாக ஏறிவிட அவனால் முடியும் என்பதால். நம்ம பக்கத்து மகேந்திரகிரியே ஏறக்குறைய 1,650 மீட்டர்தான். அதன் உச்சியில் நின்றாலும் இந்த நோயின் வாசனைகூட நமக்குத் தெரியாது.

அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்று தோன்றுவது, தூக்கம் வராதது. இவற்றை ரயில் அலுப்பு, டீ குடிக்காத தலைவலி என்று தள்ளிவிடுவதுதான் பலரும் செய்கிற பிழை. நானும் அப்படித்தான் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். மாத்திரை வலியை மறைக்கும், நோயை நிறுத்தாது. தலைவலி இருந்தால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலோடு நுரை வந்தால், நேர்கோட்டில் ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினால், ராத்திரி ஆனாலும் காத்திருக்காமல் இறங்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் உயிர் போகும் விஷயம் அது. இந்த நோய் வராமலிருக்க முன்கூட்டியே டயமாக்ஸ் மாத்திரை எடுப்பவர்கள் உண்டு. ஊரிலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மேலே இருக்கும்வரை மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

அப்புறம் மழை. ஜூன் தொடக்கத்திலும் ஐப்பசியிலும் என்று இரண்டு பருவமழையில் நனைந்தவர்கள் நாம், மழையைக் கண்டு ஒதுங்குவது வழக்கமில்லை. அந்தத் துணிச்சலை உத்தராகண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நம்ம ஊரில் இறங்கிய அதே தென்மேற்குப் பருவமழை ஜூன் கடைசி வாக்கில் அங்கே போய்ச் சேர்கிறது. அந்த மலை இளசு, மண் இளகியது, மழை பிடித்தால் சாலையே சரிந்து ஆற்றில் இறங்கும். 2013 ஜூனில் கேதார்நாத்தில் வந்த பெருவெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்போது பருவமழை வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் லடாக், இமாசலத்தின் ஸ்பிதி பக்கம் போகலாம். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் போனதும் பச்சை குறைந்து காற்றாடிகளும் பொட்டலும் வருகிறதல்லவா, அதேபோல இமயத்தின் உயர்ந்த மலைவரிசைக்குப் பின்னால் இருக்கும் மழைமறைவு நிலம் அது. உத்தராகண்டில் மலர்ப் பள்ளத்தாக்கு மட்டும் விதிவிலக்கு. பூக்கள் மழையில்தான் பூக்கும், அதைப் பார்க்க மழையில்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்கள் திரும்பும் ரயிலுக்கு முன்னால் கூடுதல் நாள் விட்டு வைக்கட்டும்.

குளிரைப் பற்றி நமக்கு நிஜமான அறிவு கிடையாது, இருபது டிகிரிக்குக் கீழே போனாலே போர்வை தேடுகிறவர்கள். அக்டோபரில் சங்க்ரியில் தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். மெழுகு மாதிரி உறைந்து வெள்ளையாக இருந்தது. மேலே போனால் ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வீதம் இன்னும் இறங்கும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் அங்கே எதிரிகள். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்ற இடத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஏறும்போது கழற்றி, நிற்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். படுக்கும்போது போனையும் பவர் பேங்கையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். ஐஸ் மேலே கட்டும் என்பதால் காலையில் மூடிப் பக்கம் தண்ணீராக இருக்கும்.

வெளிச்சத்திலும் ஏமாந்துபோவோம். வருஷம் முழுக்க நம்ம ஊரில் ஆறு மணிக்கு முன்னால் இருட்டாது. டிசம்பரில் உத்தராகண்டில் ஐந்தரைக்குள் சூரியன் போய்விடும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே நிழல் விழும். விடியும் முன் கிளம்புங்கள். எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்புவது என்று ஒரு நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உச்சி பத்து நிமிஷத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்புங்கள். வழியில் கேட்டால் ஊர்க்காரர்கள் "இதோ பக்கம்தான்" என்பார்கள். அது அவர்கள் காலுக்குப் பக்கம்.

தனியாகப் போவது என்றால் யாருமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. துங்கநாத், கேதார்காந்தா, மலர்ப் பள்ளத்தாக்கு மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள தெளிவான பாதையில் முதல் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய பாதைக்கும் உயர்ந்த கணவாய்க்கும் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் வேண்டும். கேதார்காந்தா கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியும் வேண்டும். சோதனைச் சாவடி நோட்டில் பெயர் எழுதுவதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். ஒருவர் காணாமல் போனால் தேடத் தொடங்கும் இடம் அந்த நோட்டுதான். கையில் ரொக்கம் வேண்டும், மலைக்கிராமத்தில் ஏடிஎம்மை நம்ப முடியாது. சாப்பாட்டுக்கு நான் எடுத்துப்போவது முந்திரிக்கொத்து. பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்ந்தது, நாள் பட்டாலும் கெடாது. சோற்றைக் கண்டால் பிடிக்காத உயரத்திலும் ஒன்றைக் கடித்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும்.

கடைசியாக வீட்டு விஷயம். "தினமும் போன் பண்ணுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது பெரிய தவறு. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் மலைக்குள் போனால் சிக்னல் இருக்காது. ஒருமுறை மூன்று நாள் நான் பேசவில்லை என்று அம்மா சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். கீழே வந்து பேசியபோது "மக்களே, சோறு தின்னியா?" என்பதைத் தவிர அவளால் வேறெதுவும் கேட்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்: எந்தெந்த நாள் எங்கே தங்குகிறேன், எந்த நாள்களில் போன் வராது, எந்தத் தேதி சாயங்காலம் வரை பொறுக்க வேண்டும், அது தாண்டினால் வழிகாட்டியின் எண், விடுதியின் எண், அந்தப் பகுதி போலீஸ் நிலையத்தின் எண். அம்மா அதைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்து, கடந்த நாள்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்துக்கொண்டு வருகிறாள்.