சர்வர் ரூமில் கரண்ட் எங்கே போகிறது? முதல் ஆடிட்டை நீங்களே செய்யலாம்

சர்வர் ரூமுக்குள் போக ஸ்வெட்டர் தேடுகிற ஆபீஸ் எதுவானாலும், அங்கே கரண்ட் வீணாகிறது என்று மீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். எங்கே, எவ்வளவு என்பதுதான் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கிற வேலைதான் எனர்ஜி ஆடிட். பெரிய டேட்டா சென்டர் என்றால் பிஇஇ (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) சான்று பெற்ற ஆடிட்டர் வரட்டும். 5-10 ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) இருக்கிற இடத்துக்கு முதல் சுற்றை நீங்களும் உங்கள் எலக்ட்ரீஷியனுமே முடித்துவிடலாம். அதுவரை எதையும் வாங்காதீர்கள். புது ஏசிக்கு கொட்டேஷன் வாங்கிவிட்டு அப்புறம் அளக்க உட்காருகிறவர்கள்தான் நான் பார்த்தவரை அதிகம்.

1. கரண்ட் வரும் வழியை வரையுங்கள்

இபி மீட்டரிலிருந்து மெயின் பேனல், அங்கிருந்து ஒரு கிளை யூபிஎஸ்ஸுக்கு, ஒன்று ஏசிக்கு, ஒன்று லைட்டுக்கு, யூபிஎஸ்ஸிலிருந்து ரேக்குகளுக்கு. ஒரு தாளில் பென்சிலால் போட்டால் போதும். எந்த பிரேக்கர் எதற்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நான் போன ஒரு இடத்தில் பக்கத்து மீட்டிங் ரூம் ஏசி சர்வர் ரூம் பேனலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தும்வரை யாருக்கும் தெரியாது.

2. நாலு இடத்தில் அளவு எடுங்கள்

மொத்த வரத்து, யூபிஎஸ்ஸுக்குள் போவது, யூபிஎஸ்ஸிலிருந்து வருவது, ஏசி. யூபிஎஸ் டிஸ்ப்ளேயிலேயே கிலோவாட் தெரியும். மற்றவற்றுக்குப் பவர் காட்டும் க்ளாம்ப் மீட்டர் வேண்டும். வெறும் ஆம்பியரை வைத்துக் கணக்குப் போட்டால் பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) விட்டுப்போகும். பேனலைத் திறக்கிற வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், இதில் வீரம் வேண்டாம். ஒரு நாள் அளவு போதாது. ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்த்து ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பியூஇ கணக்கு

மொத்தமாக உள்ளே வரும் மின்சாரத்தை, சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க் பெட்டிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பியூஇ (PUE), 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. 2007 வாக்கில் தி கிரீன் கிரிட் என்ற அமைப்பு பரப்பிய அளவுகோல் இது. உதாரணத்துக்கு மொத்தம் 38 கிலோவாட் என்று வையுங்கள்: யூபிஎஸ்ஸுக்குள் 22.5, ஏசிக்கு 14.5, லைட்டுக்கு 1. யூபிஎஸ்ஸிலிருந்து வெளியே வருவது 20. அப்படியென்றால் 38-ஐ 20-ஆல் வகுக்க, 1.9. கூகுள் தன் பெரிய டேட்டா சென்டர்களுக்கு 1.1-ஐ ஒட்டிய எண்ணைச் சொல்கிறது, அதோடு ஒப்பிட்டு மனசு உடைய வேண்டாம், அந்தக் கட்டடங்களே வேறு மாதிரி.

யூபிஎஸ்ஸைக் கவனித்தீர்களா? 2.5 கிலோவாட் உள்ளேயே சூடாகி மறைகிறது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம், ஆக 21,900 யூனிட், போதாததற்கு யூபிஎஸ் அதே ரூமில் இருந்தால் அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசிக்கும் வேலை. நாளைக்கு வளரும் என்று ரொம்பப் பெரிய யூபிஎஸ் வாங்கி, அதன் திறனில் கால்வாசிச் சுமைகூட ஏற்றாமல் ஓட்டுகிற இடங்களில் இது இன்னும் மோசமாக இருக்கும்.

4. காற்றின் பின்னால் நடங்கள்

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான், செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு ரேக்கின் முன்பக்கத்திலும் கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் தெர்மாமீட்டர் வையுங்கள். கீழே 19 டிகிரி, மேலே 29 என்று வந்தால் ஏசி போதவில்லை என்று அர்த்தமில்லை, பின்பக்கச் சூடு சுற்றி முன்பக்கம் வருகிறது என்று அர்த்தம். ரேக்கில் சர்வர் இல்லாத காலி இடங்கள்தான் வழக்கமான ஓட்டை. அங்கே பிளாங்கிங் பேனல் (காலி இடத்தை மூடும் தகடு) மாட்டுங்கள்.

அப்புறம் ஒரு டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து, ரெய்ஸ்டு ஃப்ளோரில் (அடியில் குளிர்காற்று ஓடும் உயர்த்திய தளம்) கேபிள் ஏறும் துளைக்கு மேலே பிடியுங்கள். படபடவென்று பறந்தால் அந்தக் குளிர்காற்று எந்த சர்வருக்கும் போகவில்லை, நேராக ஏசிக்கே திரும்பிப் போகிறது. பிரஷ் வைத்த மூடி போட்டு அடைக்கலாம்.

ரூமில் இரண்டு பிரிசிஷன் ஏசி (ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தும் சர்வர் ரூம் ஏசி) இருந்தால் இரண்டின் டிஸ்ப்ளேயையும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒன்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்க, இன்னொன்று ஈரப்பதம் குறைந்துவிட்டதென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். மாமியார் மருமகள் சண்டை மாதிரி, பில் மட்டும் நம் தலையில்.

5. சும்மா இருக்கிற சர்வர்கள்

யாருடையது என்று எவருக்குமே தெரியாத பெட்டி கட்டாயம் ஒன்றிரண்டு இருக்கும். 150 வாட் எடுக்கிற சர்வர் வருஷத்துக்கு 1,314 யூனிட் சாப்பிடும். ஒரு மாத நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்த்து, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு, பேக்கப் எடுத்துவிட்டு அணையுங்கள். அணைத்தபின் பியூஇ ஏறக்கூடும், பதற வேண்டாம். வகுக்கிற எண் குறைந்ததால் வருகிற ஏற்றம் அது. யூனிட் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

6. கடைசியாகத்தான் செட் பாயின்ட்

செட் பாயின்ட் என்பது ஏசியில் நாம் வைக்கும் டிகிரி. ஓட்டைகளை அடைக்காமல் இதைத் தொடாதீர்கள், மேல் வரிசை சர்வர்கள் அலாரம் அடிக்கும். சர்வருக்குள் நுழையும் காற்றுக்கு ஆஷ்ரே (ஏசி துறைப் பொறியாளர்களின் அமெரிக்க சங்கம்) பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி வரை. ஒரு டிகிரி ஏற்றி, இரண்டு மூன்று நாள் ரேக் முன்பக்க அளவைப் பார்த்து, அப்புறம் அடுத்த டிகிரி. ஓரளவுக்கு மேல் சர்வர்களின் உள் ஃபேன்கள் வேகமெடுத்து அதிகம் இழுக்கும், அந்த ஃபேன்களும் சர்வர் கணக்கில் சேருவதால் அப்போது பியூஇ அழகாகத் தெரியும், மொத்த யூனிட் ஏறியிருக்கும். அந்த இடத்தில் ஒரு டிகிரி பின்வாங்குங்கள். ஏசி ஃபேன் வேகத்தைக் குறைக்க வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள், 80 சதவீத வேகத்தில் ஃபேன் ஏறக்குறைய பாதி மின்சாரம்தான் எடுக்கும்.

மாற்றங்களுக்குப் பிறகு அதே நாலு இடத்தில் மறுபடி ஒரு வாரம் அளவு எடுங்கள். சென்னை மே மாதத்தை டிசம்பரோடு ஒப்பிட்டு மிச்சம் என்று மேனேஜரிடம் காட்டினால் அடுத்த கோடையில் மாட்டிக்கொள்வீர்கள். புது செட் பாயின்ட்டையும் மாற்றிய தேதியையும் பெரிதாக எழுதி ஏசி மேலேயே ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் நைட் ஷிஃப்ட்டில் யாராவது புழுங்குகிறதென்று 18-க்கு இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.