விவாகரத்து வழக்கு நடத்துபவர் தம் பெயரை ஊருக்கு அறிவிப்பது எப்படி?

கீழக்கரையிலோ தொண்டியிலோ அலுவலகம் திறந்து குடும்ப வழக்குகளை நடத்த விரும்பும் இளம் வழக்கறிஞர், ஃபிளக்ஸ் கடைக்குப் போகுமுன் வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதியைப் படித்துவிட வேண்டும். துண்டறிக்கை, விளம்பரம், தரகர் ஆகிய எவ்வழியிலும் வழக்குத் தேடக் கூடாது என்றும், பெயர்ப் பலகை அளவோடு இருக்க வேண்டும் என்றும், அதில் இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்று குறிக்கக் கூடாது என்றும் அவ்விதி சொல்கிறது. ஆகவே, 'விவாகரத்து நிபுணர்' என்ற பலகைக்கு இடமே இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. வழக்கறிஞர் விளம்பரத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1977இல் அனுமதித்தது. 2007இல் சிகாகோ நகரில், வாழ்க்கை குறுகியது, விவாகரத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பொருளில், அரைகுறை உடைப் படங்களோடு ஒரு பெரிய பலகை எழுந்தது. உரிய அனுமதி பெறவில்லை என்றுதான் நகராட்சி அதை இறக்கியதே தவிர, ரசனைக் குறைவுக்காக அல்ல.

அத்தகைய பலகையை நம் கடற்கரையில் விதி தடுக்காவிட்டாலும் வைக்கக் கூடாது என்பேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் உறவாகவோ அறிமுகமாகவோ இருக்கும் ஊரில், விவாகரத்து என்று கொட்டை எழுத்தில் எழுதிய கட்டடத்தின் படியில் ஒரு பெண் ஏறினால், அவர் வீடு திரும்புமுன் செய்தி மாமியார் வீட்டை எட்டிவிடும். வெறும் 'வழக்கறிஞர்' என்ற பலகை இருந்தால், பட்டா விஷயமாக வந்தேன் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம்.

சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரம், கல்வித் தகுதி, நடத்தும் வழக்கு வகை ஆகியவற்றைத் தர 2008 முதல் இடமுண்டு. அங்கே 'குடும்ப வழக்குகள்' என்று எழுதினால் போதும். கத்தரிக்கோல் தாலியை வெட்டுவது போன்ற படத்தை வடிவமைப்பாளர் நிச்சயம் கொண்டுவருவார், மறுத்துவிடுங்கள். 'ஒரே மாதத்தில் விவாகரத்து' என்ற வாசகம் அதைவிட மோசமானது. இந்து திருமணச் சட்டத்தின்படி இருவரும் சம்மதித்தாலும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியிருந்தாலும், அது நீதிமன்றம் முடிவு செய்வதே அன்றி, வழக்கறிஞர் வாக்குறுதி தரக் கூடியதன்று.

வென்ற வழக்கைக் கட்சிக்காரரின் படத்தோடு வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடும் ஆசையும் சிலருக்கு வருகிறது. தாம் நடத்திய வழக்கை இப்படி விளம்பரமாக்குவதை 36ஆம் விதியே தடுக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவோ, அச்சட்டத்தின் கீழ் நடக்கும் விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்பதோடு, அது பற்றிய விவரங்களை வெளியிடுவதற்கு அபராதமும் விதிக்கிறது.