சான்றிதழ் வீட்டுக்கா, பில்டருக்கா?

கரண்ட் பில் குறையும், வெயிலோ குளிரோ வீட்டுக்குள் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் ஆற்றல் சிக்கன வீட்டுக்குக் கூடுதலாகச் செலவு செய்யத் துணிகிறோம். அந்தப் பணம் வீணாவது பெரும்பாலும் பில்டரைத் தேடும் கட்டத்திலேயே.

விளம்பரத்தில் ஆற்றல் சிக்கனச் சான்றிதழின் முத்திரையைப் பார்த்ததும் நம்பிவிடுவதுதான் முதல் தவறு. சான்றிதழ் கிடைப்பது வீட்டுக்கு, கட்டியவருக்கு அல்ல. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தில் பில்டர்கள் கூட்டாளிகளாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு முத்திரை கிடைக்க, பில்டரைச் சாராத மதிப்பீட்டாளர் சரிபார்க்க வேண்டும். அதனால் "நீங்கள் சான்றிதழ் வாங்கியவரா?" என்று கேட்டுப் பயனில்லை. "நீங்கள் கட்டி முடித்த எந்தெந்த வீடுகளுக்குச் சான்றிதழ் வந்தது, காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

காட்டும் தாளையும் நன்றாகப் படியுங்கள். பசுமைக் கட்டடங்களுக்குச் சான்று தரும் எட்ஜ் திட்டத்தில் வரைபடத்தை வைத்து முதலில் ஒரு முன்சான்றிதழ் தருவார்கள். கட்டி முடித்து, நேரில் தணிக்கை நடந்த பிறகுதான் இறுதிச் சான்றிதழ். முன்சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர், சொன்னபடி கட்டினாரா என்பது அந்தத் தாளில் இருக்காது.

பில்டர்களின் பெயரை மட்டும் தேடுவதும் தவறுதான். பசுமைக் கட்டடங்களுக்கான லீட், மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான பாசிவ் ஹவுஸ் போன்ற திட்டங்களுக்குச் சான்று பெற்ற கட்டடங்களின் பொதுப் பட்டியல் இருக்கிறது. உங்கள் பகுதியில் தேறிய வீட்டைக் கண்டுபிடித்து, யார் கட்டியது என்று பின்னோக்கிப் போங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. முடிந்தால் அந்த வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

அப்புறம், கூரையில் சோலார் பலகை இருந்தாலே சிக்கன வீடு என்ற நினைப்பு. சோலார் மின்சாரம் தரும். சுவரிலும் ஜன்னலிலும் ஒழுகும் காற்றை அது அடைக்காது. இன்சுலேஷன் (வெப்பம் கடக்காமல் தடுக்கும் அடுக்கு), ஜன்னல் பொருத்துவது, காற்றுக் கசிவு பற்றி பில்டர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

காற்றுக் கசிவுச் சோதனையை ஒருமுறை நேரில் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வாசல் நிலையில் துணித்தடுப்பு கட்டி, அதில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். உள்ளேயும் வெளியேயும் அழுத்த வித்தியாசம் 50 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஆனதும் சுவிட்ச் போர்டு பக்கம் கையை நீட்டுங்கள். ஓட்டை இருந்தால் உள்ளங்கையில் காற்று அடிக்கும். அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்தில் வீட்டின் மொத்தக் காற்றும் எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் கணக்கு. பாசிவ் ஹவுஸ் தரத்துக்கு அது 0.6-ஐத் தாண்டக் கூடாது.

இந்தச் சோதனையைக் கடைசியில் மட்டும் வைத்துக்கொள்வதுதான் வலி தரும் தவறு. சுவரை மூடிப் பெயின்ட்டும் அடித்த பிறகு ஓட்டை தெரிந்தால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். மூடுவதற்கு முன்பே ஒரு சோதனை, முடிந்ததும் ஒன்று என்று கேளுங்கள். "இரண்டாவது எதுக்கு?" என்று இழுக்கும் பில்டரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார் என்றால் வாய்வார்த்தையோடு விடாதீர்கள். எந்தச் சான்றிதழ், எந்த நிலை, கசிவு எவ்வளவு வரை, மதிப்பீட்டாளருக்குப் பணம் தருவது யார், தேறாவிட்டால் யார் செலவில் சரிசெய்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைசித் தவணையை இறுதிச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு தருவதாகவும் சேர்த்துவிடுங்கள்.