மல்டிஸ்பெக்ட்ரல் கேமராவில் ரத்த ஆக்சிஜன் பார்க்கும் முன்

தரமணியில் எங்கள் லேபுக்கு வரும் பிள்ளைகள் புது மல்டிஸ்பெக்ட்ரல் கேமராவை (ஒரே காட்சியைப் பல அலைநீளங்களில் தனித்தனியாகப் படம் எடுப்பது) பிரித்ததும் நேராக உள்ளங்கையைத்தான் படம் எடுப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் லென்ஸின் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் திறப்பு, எவ்வளவு என்று பாருங்கள். அதை எஃப் எண்ணில் சொல்வார்கள்; எண் கூடினால் திறப்பு சிறிதாகும்.

இந்த சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு ஃபில்டர் இருக்கிறது: எதிரெதிரே இரண்டு பிரதிபலிப்பான்கள், நடுவே சில நூறு நானோமீட்டர் தடிமனில் ஓர் அடுக்கு. எந்த அலைநீளம் உள்ளே போகும் என்பதை அந்தத் தடிமன்தான் முடிவு செய்கிறது. ஆனால் ஒளி சாய்ந்து விழுந்தால், ஃபில்டர் அதிகம் விடும் அலைநீளம் நீலப் பக்கம், அதாவது குறைந்த அலைநீளத்துக்கு, நகர்ந்துவிடும். எஃப் 2-இல் விளிம்புக் கதிர் சுமார் 14 டிகிரி சாய்ந்து வரும். ஃபில்டரின் ஒளிவிலகல் எண்ணை 1.7 என்று வைத்தால், 577 நானோமீட்டர் ஃபில்டர் அந்தக் கதிருக்கு 571-இல் போய் நிற்கும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் நன்றாக உறிஞ்சும் இடம் 577. 570-க்குப் பக்கத்தில் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் ஒரே அளவுதான் உறிஞ்சும். அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? திறப்பை எஃப் 8-க்குக் குறையுங்கள். நகர்வு அரை நானோமீட்டர்தான். வெளிச்சம் போதாதென்றால் விளக்கைக் கூட்டுங்கள், அபர்ச்சரைத் திறக்காதீர்கள்.

விளக்கு என்றதும் ரிச்சி தெருவில் வெள்ளை எல்இடி வாங்கி வந்துவிட வேண்டாம். 480 நானோமீட்டர் பக்கம் அதன் ஒளியில் ஒரு பள்ளம், 700-க்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. ஹாலஜன் போதும். 850 நானோமீட்டர் ஃபில்டர் 425 பக்கமும் திருட்டுத்தனமாக ஒளியை விடும். அந்தப் பட்டைக்கு முன்னால் லாங்பாஸ் கண்ணாடி (நீண்ட அலைநீளங்களை மட்டும் விடுவது) போடுங்கள்.

அடுத்து அளவைச் சரிசெய்ய இரண்டு படம்: சென்சாரின் சொந்த அளவைக் கழிக்க மூடி போட்டு ஒரு இருட்டுப் படம், விளக்கின் அளவை ஈடுகட்ட வெள்ளைப் பலகையை வைத்து ஒரு படம். ஏ4 தாள் ஆகாது, வெண்மையைக் கூட்டும் ஒளிரும் சாயம் கலந்திருப்பதால் நீலத்தில் ஒளிரும்.

மே மாதத்தில் ஏசி அறையிலிருந்து வராந்தாவுக்குக் கொண்டுபோனால் லென்ஸில் உடனே பனி படியும். சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போட்டு வெளிச்சூட்டுக்கு வரவிட்டுப் பிரியுங்கள். சென்சாரைத் துணியால் துடைத்தால் ஃபில்டர் போச்சு.

இப்போது கை. உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆளின் மேற்கையில் பிபி கஃப் கட்டி, மேல் அழுத்தத்தைத் தாண்டி ஏற்றி, ஒரு நிமிடம் மட்டும் வையுங்கள். உள்ளங்கையில் ஆக்சிஜன் படிப்படியாக இறங்க வேண்டும். காற்றை விட்டதும் பழைய அளவையும் தாண்டி ஏறி, பிறகு அடங்க வேண்டும். படத்தின் நடுவில் சரியாக வந்து மூலைகளில் மட்டும் மாறினால், அங்கே ஒளி சாய்ந்து விழுகிறது என்று பொருள்; மறுபடி லென்ஸைத்தான் பார்க்க வேண்டும்.