பத்திரம் எழுதியாச்சு, சொத்து உள்ளே போச்சா? குடும்ப டிரஸ்ட்டில் நடக்கும் தவறுகள்

மதுரையில் டிரஸ்ட் என்றால் சித்திரைத் திருவிழா மண்டகப்படியும் அன்னதானமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது வேறு. உயிரோடு இருக்கும்போதே வீடு, நிலம், பணத்தைத் தன் குடும்பத்துக்காக ஒரு டிரஸ்டியின் பொறுப்பில் வைப்பது. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இதற்கு இடம் தருகிறது.

என் பெரியப்பாவும் இப்படித்தான் செய்தார், மனவளர்ச்சி குன்றிய மகனுக்காக. செல்லூர் வீடு, திருமங்கலம் பக்கம் நிலம், இரண்டையும் டிரஸ்ட் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி பீரோவில் பூட்டினார். அவர் காலமான பிறகு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் டிரஸ்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவு செய்யவே இல்லை! பத்திர எழுத்தரும் அதைச் சொல்லவில்லை. அசையாச் சொத்துக்கு, உயில் மூலம் வைத்தாலொழிய, பதிவு செய்த பத்திரம் இல்லாமல் டிரஸ்ட் செல்லாது. ‘நானே கொடுப்பவர், நானே டிரஸ்டி’ என்றால் தனியாக மாற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. பதிவு மட்டும் அப்போதும் வேண்டும். இன்றைக்கு அந்த இரண்டு சொத்தும் எல்லா வாரிசுகளுக்கும் பொது. அண்ணனுக்குப் பாதுகாவலர் நியமனம் கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு அலைந்துகொண்டிருக்கிறோம்.

பதிவோடும் வேலை முடியாது. பட்டாவையும் டிரஸ்டி பெயருக்கு மாற்ற வேண்டும். வீட்டின் மேல் கடன் இருந்தால் முதலில் வங்கியின் தடையின்மைச் சான்று. பூர்வீகச் சொத்து என்றால் இன்னும் கவனம்: இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. மற்றவர்கள் பங்கைப் பிரிக்காமல் அப்பா ஒருவராக மொத்தத்தையும் டிரஸ்ட்டில் வைக்க முடியாது. முதலில் பாகப்பிரிவினை, அப்புறம் டிரஸ்ட்.

செலவுக் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023இல் வந்த வரம்புகள் இவை. அதே சலுகை டிரஸ்ட்டுக்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். சார்பதிவாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகள் எல்லாரும் விவரமானவர்கள், சண்டை இல்லை என்றால் டிரஸ்ட்டே வேண்டாம், ஒரு உயில் போதும் என்பது என் கருத்து.

டிரஸ்டி வேறொருவராக இருந்து, வங்கி டெபாசிட் பழைய பெயரிலேயே கிடந்தால் அது டிரஸ்ட் பணம் ஆகாது. டிரஸ்ட்டுக்குத் தனி பான், தனி கணக்கு எடுத்துப் பணத்தை அங்கே மாற்ற வேண்டும். ‘நாமினி போட்டிருக்கேனே’ என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், உரிமை வாரிசுக்கு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று எழுதினால், டிரஸ்ட் வருமானத்துக்கான வரி உங்கள் தலையில்தான். கடன்காரருக்குத் தண்ணி காட்ட டிரஸ்ட் போட்டாலும் நீதிமன்றத்தில் நிற்காது.

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை டிரஸ்ட் பெயருக்கு மாற்ற முடியாது. இப்படி வெளியே நிற்பவை, மறந்துபோனவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு உயில் எழுதி, ‘என் காலத்துக்குப் பின் டிரஸ்ட்டுக்கு’ என்று சொல்லிவிடலாம். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம்.